சாட்சி வரம்பு

பேராசிரியர் மார்க்கண்டு ஏழு பக்கம் எழுதியிருந்தார். எட்டாம் பக்கத்தில் ஒரு வருடம் மட்டும் இருந்தது. 1968.

அவர் படிப்பித்த தொல்லியல் துறைக்கு வெள்ளிவிழா. மலர் போடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்களில் மூத்தவர் என்று அவரிடம் கட்டுரை கேட்டுத் தலைப்பையும் தாங்களே அனுப்பியிருந்தார்கள்: ‘என் ஆய்வு வாழ்வு, ஒரு மீள்பார்வை.’ உடப்பில் கரைவலைக் குடும்பத்தில் பிறந்தது, சிலாபத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் படித்தது, முதன்முதல் ஓர் அகழ்வுக் குழியில் இறங்கியது என்று ஏழு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டன. ஓட்டுப்பிட்டிக்கு வந்ததும் பேனை நின்றது. நின்று பதினொரு நாள்.

ஓட்டுப்பிட்டி தூரத்தில் இல்லை. மேசையில் இருந்தபடியே யன்னலால் பார்க்கலாம். கற்பிட்டி வீதிக்கும் களப்புக்கும் நடுவில், தென்னைகளுக்கு அப்பால், இரண்டாள் உயர மணல்மேடு. மழை பெய்த மறுநாள் வெறுங்காலோடு நடந்தால் பழைய பானை ஓடு குத்தும். பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற்றதும் அவர் இந்த வாடகை வீட்டைப் பிடித்தது அந்த யன்னலுக்காக. யன்னலுக்கு முன் கதிரையைப் போட்டதும், அதில் இருந்து எழுத முடியாமல் போனதும் பிறகு நடந்தவை.

அது 1991ஆம் ஆண்டு ஆனி மாதம். சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. காலை பத்து மணியிருக்கும்.

“சேர் இருக்கிறீங்களா?”

வாசலில் ஸக்கியா ரீச்சர் நின்றார். மன்னார்த் தீவில் கணக்குப் படிப்பித்தவர். போன ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லாரையும் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வெளியேறச் சொன்னபோது, மாமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியவர். இப்போது பிட்டியின் அடிவாரத்தில் நூற்றுப்பத்துக் கிடுகுக் கொட்டில்கள். அவரை யாரும் தலைவியாக்கவில்லை. அவருக்குப் பேச வரும். மற்றவர்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

இன்றைக்குப் பின்னால் நின்றது முத்தலிபு. கற்பிட்டிக்காரர். அந்தப் பக்கத்தில் பாதிக் கிணறு அவர் வெட்டியது. மார்க்கண்டுவின் வயதுதான், ஆனால் வயிறு கிடையாது. 1968இல் ஓட்டுப்பிட்டி அகழ்வில் முதல் கூலியாளாகச் சேர்ந்தவரும் அவர்தான்.

“தண்ணிப் பவுசர் வந்து இண்டையோட ஆறு நாள் சேர்,” என்றார் ஸக்கியா. “வந்தாலும் வாளிக்கொரு சண்டை. களப்புக் கரையில தோண்டினா உப்பு. பிள்ளைகளுக்கு வயித்தோட்டம். பிட்டியில கிணறு வெட்டினா நல்ல தண்ணி வரும் எண்டு முத்தலிபு நானா சொல்றார். ஆனா அதில வெள்ளைக் கல்லு நட்டிருக்கு. கிராம விதானையிட்டப் போனம். பேராசிரியர் ஒரு கடிதம் தந்தாப் போதுமாம். மற்றதைத் தான் பாக்கிறாராம்.”

வெள்ளைக் கல் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதற்கு அடையாளம். மார்க்கண்டுவின் அறிக்கையின் பேரில் நட்டது.

“ஏன் நானா, பிட்டியை விட்டால் வேற இடமே இல்லையா?”

“இல்ல சேர். மழத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு நிக்கிது. பள்ளத்துல ஒரு வெரல் கனம்தான். பிட்டிக்குக் கீழ ஒராள் ஆழம். அந்தக் காலத்து ஆக்கள் சும்மாவா அதுல ஏறிக் குந்தினாங்க?”

“பிட்டியில் எந்த இடம்?”

முத்தலிபு தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“நடு வரம்புலதான்.”

மார்க்கண்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

அகழ்வாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்டை முழுதாய் வெட்டித் தீர்ப்பதில்லை. இரண்டு குழிக்கு நடுவில் ஒரு சுவரைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். வெட்டினவன் சொன்னது சரியா பிழையா என்று பின்னால் வருகிறவன் அதை வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சாட்சி வரம்பு என்று பெயர். மூன்றடி அகலம் விட்டால் போதும். ஓட்டுப்பிட்டியில் மார்க்கண்டு ஆறடி விட்டிருந்தார். வேலை தொடங்கின நாளில் அவருக்குச் சாட்சியைக் கண்டு பயமில்லை.

“ரெண்டு பக்கமும் நாம வெட்டி மூடின மண்ணு,” என்றார் முத்தலிபு. “தொட்டாச் சரியும். கீழ நிக்கிறவனுக்கு அதுதான் கபுறு. வரம்பு மட்டும் கை படாத மண்ணு. சொவர் மாதிரி நிக்கும்.”

“நாளைக்குச் சொல்றன்.”

“நாளைக்கா?” ஸக்கியா மேசையை எட்டிப் பார்த்தார். “மை முடிஞ்சிட்டா சேர்? எங்கட முகாமில ஒண்டுமில்ல. பேனை இரிக்கு. தரட்டா?”

“ரீச்சர்,” என்று முத்தலிபு அடக்கினார்.

“நாளைக்குக் காலையில நானே வாறன்,” என்றார் மார்க்கண்டு.

அவர்கள் போனபின் பேனையை மூடினார். யன்னலை மூடவில்லை.

1968 பங்குனி. மேற்குக் குழி ஓரடிதான் இறங்கியிருந்தது. ஒரு பின்னேரம் தந்தி வந்தது. தவமலருக்குக் கடுமை, உடனே வரவும். நெருப்புக் காய்ச்சல். அவர் பாலாவிக்கு நடந்து போய் லொறியொன்றில் ஏறி உடப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே போகாமலே விளங்கிவிட்டது. தவமலருக்கு இருபத்தாறு வயது. அவர்கள் கலியாணம் முடித்து மூன்று வருடம்.

அவர் அழவில்லை. ஏன் அழவில்லை என்று அவருக்கும் தெரியாது. சொன்னதை எல்லாம் செய்தார். மீசையை வழிக்கச் சொன்னார்கள், வழித்தார். கொள்ளி வைக்கச் சொன்னார்கள், வைத்தார். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்றே பஸ் ஏறிவிட்டார். ஊர் அதைக் கொஞ்ச நாள் கதைத்தது.

உடப்புக்குப் போகும்போது, மழைக்கு முன் முடிக்க வேண்டும், வேலையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மேற்குக் குழி அடிவரை போயிருந்தது. வெள்ளை மணலுக்கு மேல் ஒரு சாண் கனத்துக்குச் சிப்பி. ஆறாம் மண்படை, மனிதர் வாழ்ந்ததில் ஆகப் பழைய அடுக்கு. கொட்டிலில் பைகள் வரிசையாய் இருந்தன. ஒரு பையில் மட்டும் எந்தப் படை என்று எழுதின துண்டுச் சீட்டு இல்லை. அதற்குள் உள்ளங்கை அளவு கறுத்த ஓடு. வழவழப்பான உட்பக்கத்தில் மணி குத்தினதுபோலப் புள்ளிகள் வட்டம் வட்டமாய் ஓடின. அந்த வேலைப்பாட்டை அவர் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியது.

எனாமல் பேசின் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துத் தானே கழுவினார். தண்ணீர் சிவந்தது.

ஓட்டுப்பிட்டியில் வெள்ளை மணல் உண்டு, சாம்பல் மணல் உண்டு, கரி உண்டு. செம்மண் கிடையாது. அவர் கொஞ்ச நேரம் பேசினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீரை வேலியோரம் ஊற்றினார். முத்தலிபைக் கூப்பிட்டார்.

“இது அடியில, சிப்பிப் படையிலதானே கிடந்தது?”

முத்தலிபு அவருடைய முகத்தைப் பார்த்தார். வழித்த மேலுதட்டைப் பார்த்தார்.

“ஓம் சேர்.”

அவர் சீட்டில் ‘படை ஆறு’ என்று எழுதினார்.

கேள்விக்குள் பதிலை வைத்துக் கேட்கக் கூடாது. முதலாம் வருட மாணவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் அது. இருபத்திரண்டு வருடம் சொன்னார்.

அந்தச் சீட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தன. ஈராயிரம் வருடத்துக்கு முந்திய துறைமுகம் என்ற ஆய்வேடு, லண்டனில் வாசித்த கட்டுரை, அந்த ஓட்டின் படம் போட்ட புத்தகம், பள்ளிப் பாடநூலில் ஒரு பந்தி, கடைசியில் பேராசிரியர் கதிரை. மாணவர்கள் வருடா வருடம் கேட்டார்கள். நடு வரம்பை எப்போது வெட்டலாம் சேர்? எழுபத்தொன்றில் கிளர்ச்சியால் நாடு குழம்பியிருந்தது. பிறகு ஒதுக்கீடு இல்லை. பிறகு வெளிநாடு. சண்டை தொடங்கின எண்பத்துமூன்றுக்குப் பிறகு யார் கேட்பார்கள்? ஒவ்வொன்றும் மெய்யான காரணம். அவர் வெட்டாமல் விட்டதற்கு அவற்றில் ஒன்றும் காரணமில்லை.

பின்னேரம் வெயில் தணிந்ததும் பிட்டிக்கு நடந்தார். வரம்பின் மேல் புல் காய்ந்து கிடந்தது. கீழே முகாமில் பெண்கள் களப்புத் தண்ணீரில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். சவர்க்காரம் நுரைக்காது. அவர்கள் தோய்த்தார்கள்.

கடிதம் கொடுத்தால் வரம்பு ஒரே நாளில் போய்விடும். முத்தலிபு அலவாங்கும் மண்வெட்டியுமாய் இறங்கினால் பொழுதுபடத் தண்ணீர். ஏழைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்பார்கள். சாட்சி எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொடுக்காவிட்டால், பழம்பொருளைக் காப்பாற்றினார் என்பார்கள். சாட்சி மண்ணுக்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். எந்தப் பக்கம் போனாலும் அவருக்குப் பழுதில்லை. இரண்டு பக்கமும் இவ்வளவு வசதியாய் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் கடிதத்தோடு முகாமுக்குப் போனார். ஸக்கியா வாசித்தார். முகம் மலர்ந்து, பாதியில் நின்றது.

“இதென்ன, படை படையாக நாலு நாளில்?”

“ஒரேயடியா வெட்டினா எது எங்க கிடந்தது எண்டு தெரியாமப் போயிடும், ரீச்சர். கொஞ்சங் கொஞ்சமா இறங்கி, மண்ணை அரிச்சு...”

“நாலு நாள்! செத்துப்போன ஆக்களிட பானைக்காக உசிரோட இருக்கிற பிள்ளைகள் நாலு நாள் உப்புத் தண்ணி குடிக்கவா?”

அவர் கடிதத்தைத் திருப்பி வாங்கினார். நாலை வெட்டினார்.

“ரெண்டு நாள்,” என்றார்.

“ஒண்டரை.”

“இது என்ன, மீன் சந்தையா?” என்றார் முத்தலிபு. “ரெண்டு நாள். ஆனா ரீச்சர், மண்ண அரிக்க ஆள் வேணும். நான் வெட்டிறதா, அரிக்கிறதா?”

“ஆள் நாங்க தாறம்,” என்றார் ஸக்கியா. “நூத்திப்பத்துக் கொட்டில். ஆளுக்கா பஞ்சம்?”

இறால் வலைத் துண்டை மரச் சட்டத்தில் இழுத்து அடித்து மூன்று அரிதட்டுச் செய்தார்கள். ஆறு பெண்கள் வந்தார்கள். மார்க்கண்டு குடையும் குறிப்புப் புத்தகமும் அளவு நாடாவுமாக வரம்பின் விளிம்பில் கதிரை போட்டு இருந்தார். முத்தலிபு பிஸ்மி சொல்லி முதல் வெட்டு வெட்டினார்.

முதல் நாள் நாலு படை. தேங்காய்ச் சிரட்டை, துருவேறின தூண்டில், ஒல்லாந்தர் காலத்துச் செங்கல் துண்டு, நீலப் பூப்போட்ட பீங்கான். பெண்கள் மத்தியானத்துக்குள் தேறிவிட்டார்கள். ஓட்டையும் சிப்பியையும் பிரித்துத் தனித்தனியே வைத்தார்கள். ஒருத்தி சுறா முள்ளைத் தூக்கிப் பிடித்து, “இது எங்கட மாமிட பல்லு மாதிரி,” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமி கொட்டில் வாசலில் இருந்துகொண்டு, “கேக்குது, கேக்குது,” என்றாள்.

ஸக்கியா தட்டை அசைத்தபடியே கேட்டார். “இதுகளை வைச்சு எப்படி சேர் வயசு சொல்றது? பழைய சாமான் கிடந்தாப் பழைய படையா?”

“இல்ல. ஒரு படையில கிடக்கிற ஆகப் பழைய சாமானை வைச்சுச் சொல்ல ஏலாது. ஆகப் புதுச் சாமானை வைச்சுத்தான் சொல்லலாம்.”

ஸக்கியா தட்டை நிறுத்தினார்.

“சரிதானே. எங்கட கொட்டிலுக்குள்ள வாப்பாட செப்புக் குடம் இரிக்கு. அறுவது வருசப் பழசு. அதை மட்டும் பாத்துட்டு இந்தக் கொட்டிலுக்கும் அறுவது வயசு எண்டு ஒருத்தன் எழுதினா, அவன் விசரன். கிடுகு போன தையிலதான் வேஞ்சது.”

மார்க்கண்டு குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். “ஓம்,” என்றார். “விசரன்தான்.”

இரண்டாம் நாள் காலையில் ஐந்தாம் படை முடிந்தது. பதினொரு மணியளவில் மண்வெட்டியின் சத்தம் மாறியது. சிப்பி. மார்க்கண்டு கதிரையை விட்டு எழுந்துவிட்டார். மண்வெட்டி வேண்டாம் என்று சாந்து பூசும் கரண்டியான தன்னுடைய பழைய சாந்தகப்பையைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டார். முத்தலிபு முழங்காலில் குந்திச் சுரண்டத் தொடங்கினார். ஏழடி ஆழத்தில் அவருடைய தலைத்துணி மட்டும் வெள்ளையாய் அசைந்தது.

“சேர், தேத்தண்ணி.”

ஸக்கியா பேணியை நீட்டினார். அவர் திரும்பி வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கரித்தது. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கப் பார்த்தார், முடியவில்லை.

“எட்டு மாசமா எங்கட நாக்குக்கு இதுதான் தேத்தண்ணி,” என்றார் ஸக்கியா. “சீனி போட்டா இன்னும் மோசம்.”

அவர் மறுபடி திரும்பினபோது முத்தலிபு எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கையில் ஒரு துண்டு. ஈர மண்ணுக்குள்ளால் பச்சை மினுங்கியது.

மார்க்கண்டு குனிந்து வாங்கினார். பெருவிரலால் துடைத்தார். தடித்த பீங்கான். கடல் பாசி நிறத்தில் கண்ணாடிபோன்ற பூச்சு. கிண்ணமொன்றின் விளிம்பு. சீனத்திலிருந்து கப்பலில் வந்தது. எந்த நூற்றாண்டு என்று அவருக்குப் புத்தகம் பார்க்கத் தேவையில்லை. எண்ணூறு வருடத்துக்கு மேல் போகாது.

அவர் பார்க்கவில்லை. தேத்தண்ணீருக்குத் திரும்பின ஒரு நிமிடத்தில் அது வெளியே வந்துவிட்டது. இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகும் அதே இடம், அதே ஆள், அவர் மட்டும் அங்கே இல்லை.

“நானா,” என்றார். “இது எங்க கிடந்தது?”

முத்தலிபு அண்ணாந்து பார்த்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவருடைய முகத்தை நன்றாய்ப் பார்த்தார்.

“ஒங்களுக்கு எங்க வேணும் சேர்?”

கேலியா, இரக்கமா என்று சொல்ல முடியாத குரல். அரிதட்டுகள் நின்றன.

குழிச் சுவரில் மேலே மணல் கொஞ்சம் சரிந்திருந்தது. ஐந்தாம் படையிலிருந்து விழுந்ததாய் இருக்கலாம் என்று மார்க்கண்டு சொன்னால், அப்படித்தான் சேர் என்று முத்தலிபு சொல்லிவிடுவார். ‘படை ஐந்து’ என்று ஒரு சீட்டு. இரண்டு சொல். பாடநூலில் பந்தி அப்படியே இருக்கும்.

“எனக்கு ஓரிடமும் வேண்டாம்,” என்றார் மார்க்கண்டு. “அது கிடந்த இடத்தைச் சொல்லுங்க.”

முத்தலிபு காலடியைக் காட்டினார். “சிப்பிக்குள்ள. இந்தா, குழி இருக்கி. மத்தப் பாதி சொவத்துல மாட்டிக்கிட்டு நிக்கிது. நீங்களே வந்து பாருங்களேன்.”

அறுபது வயதில் ஏணியால் இறங்குவது லேசில்லை. பெண்கள் ஏணியைப் பிடித்தார்கள். உள்ளே குளிர்ந்தது. குழியின் மேற்குச் சுவரில் ஆறு படையும் கோடு கோடாய்த் தெரிந்தன. அவர் குந்தினார். அடிச் சிப்பிப் படையின் நடுவில், இரண்டு சிப்பிகளுக்கு இடையில் இறுகினபடி, பச்சைக் கிண்ணத்தின் அடிப்பாகம். மேலேயும் சிப்பி, கீழேயும் சிப்பி. அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. கையிலிருந்த விளிம்பை அதன் உடைந்த வாயில் வைத்தார். பொருந்தியது.

எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசலில் செருப்புகளைக் கண்ட நாளிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு முடிந்தது வேறு. இந்த ஆய்வு தொடங்கும்போதே முடிந்திருந்தது.

“கறுப்பு ஓடு,” என்றார். “அது எங்க கிடந்தது?”

முத்தலிபு சாந்தகப்பையை மணலில் குத்தினார். “மேல. மூணடிக்குள்ள. தென்னம்புள்ள வெச்ச பழைய குழியொண்டு. இந்த வெறும் மணல்ல தென்ன புடிக்காதுல்லா? வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து வண்டில்ல செம்மண்ணு கொண்டாந்து குழியில போட்டுத்தான் தென்னங்கண்டு வெப்பாங்க. அந்தச் செம்மண்ணுக்குள்ள கெடந்திச்சி.”

பேசினில் சிவந்த தண்ணீர் அவருக்கு முன் நின்றது.

“ஏன் நானா அண்டைக்குச் சொல்லேல்ல?”

“எப்புடிச் சொல்ற? பொஞ்சாதிய எரிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. ஆளப் பாத்தாப் பேய் மாதிரி. அடியிலதானேண்டு கேக்கிறீங்க. இல்லெண்டு சொல்ல வாய் வரல்ல. ஒரு ஓட்டுத் துண்டு மேல கெடந்தா என்ன, கீழ கெடந்தா என்னண்டு நெனச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “அதுல ஏதும் பெரிய விசயமா சேர்?” என்றார்.

“அந்த நாலடிக்குள்ளதான் நானா நான் பேராசிரியரா இருந்தன்.”

முத்தலிபு தலைத்துணியை அவிழ்த்தார். “அல்லாவே,” என்றார். பிறகு, “பேப்பர்ல படம் போட்டப்பவும் என்னய வெட்டிட்டுத்தான் போட்டாங்க. அப்பவே நெனச்சேன், இந்த ஓட்டுல நன்ம, பரக்கத் ஒண்டும் இல்லண்டு.”

மார்க்கண்டுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழிக்குள் அது பெரிதாய்க் கேட்டது.

“கீழ என்ன கதை?” மேலிருந்து ஸக்கியாவின் குரல். “தண்ணி வந்துட்டா?”

“வரும், வரும்! சேர் பங்கு பிரிக்கிறார்.”

மார்க்கண்டு அண்ணாந்து, “ரீச்சர், இந்தச் சுவரை வரைஞ்சு எடுக்க வேணும். ஒரு மணித்தியாலம் தாங்க,” என்றார்.

ஸக்கியா திரும்பிப் பார்த்தார். வாளிகள் வரிசையில் காத்திருந்தன. “அரை,” என்றார் ஸக்கியா. பிறகு தானே ஏணியால் இறங்கி வந்து நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். அவர் அளந்து சொல்ல, கணக்கு ரீச்சர் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார். பச்சைக் கிண்ணத்தின் அடி கிடந்த ஆழம் ஆறடி ஒன்பது அங்குலம்.

“நல்ல சாமானா கிடைச்சிரிக்கு?”

“ஓம்,” என்றார் மார்க்கண்டு. “நல்ல சாமான்.”

கிண்ணத்தின் அடியைப் பெயர்த்து எடுத்தார். சீட்டு எழுதினார். படை ஆறு. கண்டவர் முத்தலிபு.

பிறகு வேலை முத்தலிபினுடையது. வெள்ளை மணலில் இரண்டரை அடி இறங்கினதும் மண் கறுத்தது. இன்னும் அரையடியில் கணுக்கால் நனைந்தது. முதலில் பால்போலக் கலங்கல். சிரட்டையால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்குக்குச் சற்று முன் தெளிந்தது. முத்தலிபு கையில் ஏந்திக் குடித்தார். சிரட்டையை நிரப்பி மேலே அனுப்பினார். ஸக்கியா குடித்தார். சிரட்டையை அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கொட்டில் பக்கம் திரும்பி, “மாமி! கேத்திலைக் கழுவுங்க!” என்று கத்தினார்.

பாலாவியிலிருந்து வந்திருந்த சீமெந்து வளையங்களை ஆண்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். மார்க்கண்டுவும் ஒரு கயிற்றைப் பிடித்தார். முதல் வளையம் அடி வெள்ளை மணலை மறைத்தது. இரண்டாம் வளையம் ஆறாம் படையையும் ஐந்தையும் மறைத்தது. பொழுதுபடும்போது வரம்பு இருந்த இடத்தில் கிணறு இருந்தது.

அடுத்த நாள் காலையில் மேசைக்கு வந்தார். ஏழு பக்கத்தையும் அவர் கிழிக்கவில்லை. அவற்றில் பொய் இல்லை. எட்டாம் பக்கத்தில் 1968 என்பதற்குப் பக்கத்தில் பேனையை வைத்தார்.

‘பங்குனி மாதம் அந்தக் கறுப்பு ஓடு வெளிவந்தபோது நான் ஓட்டுப்பிட்டியில் இருக்கவில்லை. உடப்பில் இருந்தேன். என் மனைவி தவமலர் இறந்திருந்தாள்.’

அவளுடைய பெயரை அவர் எந்தக் கட்டுரையிலும் எழுதினதில்லை. எழுதும் தேவை வரவில்லை என்று நினைத்திருந்தார். தொடர்ந்து எழுதினார். பேசின் தண்ணீரை எழுதினார். தான் கேட்ட கேள்வியைக் கேட்டபடியே எழுதினார். பச்சைக் கிண்ணத்தை எழுதி, ஓட்டுப்பிட்டி எண்ணூறு வருடத்துக்கு மேல் பழையதல்ல, தன் புத்தகம் பிழை என்று எழுதினார். அது ஒரு வரிதான். நினைத்ததைவிடச் சின்ன வரி.

பிறகு ஒன்று மிஞ்சியது. கறுப்பு ஓடு பொய்யில்லை. இரண்டாயிரம் வருடப் பழையது எங்கோ இருக்கத்தான் செய்கிறது. செம்மண் வெட்டின இடத்தில். சண்டை நடக்கிற காலத்தில் வண்ணாத்திவில்லுக்கு அப்பால் காட்டுக்குள் அவரால் போக முடியாது. ஒருநாள் யாராவது போவார்கள். அவர்களுக்கு இடத்தைச் சொல்ல வேண்டும்.

தாள்களை எடுத்துக்கொண்டு பிட்டிக்கு நடந்தார். முத்தலிபு கிணற்றடியில் கப்பி பூட்டிக்கொண்டிருந்தார். வாளி வரிசை வளைந்து கிடந்தது. ஸக்கியா பேணியோடு வந்தார். “இப்ப குடிச்சுப் பாருங்க. இது தேத்தண்ணி.” அவர் குடித்தார். கரிக்கவில்லை.

“நானா, அந்தச் செம்மண் எந்த இடத்திலிருந்து வந்தது?”

வண்ணாத்திவில்லுக் குளத்தடியா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. காத்திருந்தார்.

முத்தலிபு கப்பியை விட்டுவிட்டு யோசித்தார். வடக்கே பார்த்தார். வண்டில்காரனின் பெயரை வாய்க்குள் தேடினார். ஒரு வாளி நிரம்பி மேலே வந்தது. இன்னொரு வாளி இறங்கியது.

“தெரியாது சேர்,” என்றார்.

மார்க்கண்டு கிணற்று வளையத்தின் மேல் தாளை வைத்து எழுதினார். ‘மண் வந்த இடம்: வண்ணாத்திவில்லுப் பக்கம். சரியான இடம் தெரியாது.’